வெயில் படாத பிள்ளையுடன் டென்மார்க்கில்

எங்கள் தெருவில் என்னை இன்றைக்கும் ‘டென்மார்க் போன சரோஜா’ என்றுதான் சொல்வார்கள். போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், அதைத் தத்தெடுக்கக் காத்திருந்த அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதுவரை நான் போன பெரிய பயணம் திருத்தணிக்குக் கிருத்திகை கும்பிடப் போனதுதான். முருகன் அடுத்ததாக என்னை ஆகாயத்தில் ஏற்றிவிட்டான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை. அப்போது வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளி. பனைமரங்களுக்கு நடுவே மின்சார ரயில் போவது மொட்டை மாடியிலிருந்து தெரியும். கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். சாயங்காலம் ஆனால் செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், இன்றைக்கு அந்தக் காற்றை அடுக்குமாடிகள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன.

பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளை வெளிநாட்டுக்காரர்கள் தத்தெடுப்பார்கள். கோர்ட்டு, பாஸ்போர்ட் என்று எல்லாம் முடிய மாதக்கணக்காகும். அதுவரை கைக்குழந்தைகளை எங்களைப் போன்ற வீடுகளில் வளர்க்கக் கொடுப்பார்கள். அப்படி என் மடிக்கு வந்தவள்தான் செல்வி. வரும்போது மூன்று மாதம். பூனைக்குட்டி கனம்.

வளர்ந்தாள். ஆனால் நிற்கவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் தெருவில் ஓட, இவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். தூக்கி நிறுத்தினால் கால் துவளும். இன்னொரு தொல்லை, என் கையைத் தவிர வேறு யார் கையிலும் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். என் வீட்டுக்காரர் ஊட்டினால்கூடத் துப்பிவிடுவாள்.

இல்லத்து மேடம் என்னைக் கூப்பிட்டு, “வழக்கமா நாங்க யாராவதுதான் கொண்டுபோய் விடுவோம் சரோஜா. இவ விஷயத்துல அது நடக்காது. நீங்களே போங்க. அந்தம்மா கையில சாப்பிடப் பழக்கிட்டு வந்துடுங்க. அது போதும்” என்றார்.

அது போதுமாம்! சொல்வதற்கு எவ்வளவு சுலபம்.

விமானத்தில் எனக்குப் பயம் இல்லை. கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே ஏறினேன், இறங்கும்வரை நிறுத்தவில்லை. தட்டில் என்னவோ வழவழவென்று கொடுத்தார்கள். எது மாமிசம், எது பலகாரம் என்று தெரியவில்லை. நான் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் பிரித்தேன். பக்கத்து இருக்கையில் கோட்டு சூட்டோடு ஒரு தமிழர், அதுவரை இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தவர், வாசனை வந்ததும் மெதுவாகத் திரும்பி, “அம்மா, நல்லெண்ணெயா ஊத்தினீங்க?” என்றார். பாதியைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் செல்வியின் பால் புட்டியைக் கழுவ அவர்தான் எழுந்து எழுந்து போனார்.

போய் இறங்கிய ஊரின் பெயர் என் வாயில் நுழையவில்லை. நம் திருநீர்மலை அளவுக்குக்கூட ஒரு குன்றில்லாத தரை, தட்டையாக, கண்ணுக்கெட்டிய வரை வயல். நல்ல பங்குனி மாதம், பனி பெய்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவின் பெயர் கீர்ஸ்டன். ஆறடி உயரம். அவள் கணவர் யென்ஸ். வாசலில் நின்று செல்வியைப் பார்த்ததும் கீர்ஸ்டன் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று தள்ளி நின்று அழுகிற அந்த நாகரிகம் எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

மறுநாள் காலையில் சாப்பாட்டுப் பரீட்சை. மேஜைமேல் கறுப்பாக ஒரு ரொட்டி, சூளையில் கருகிய செங்கல் மாதிரி. அதை நறுக்கி வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள். தயிரில் சர்க்கரை போடுகிறார்கள். கிண்ணத்தில் ஒரு கஞ்சி வந்தது, அதுமட்டும் நம் வீட்டுக் கஞ்சிபோலவே இருந்தது. கீர்ஸ்டன் அந்தக் கஞ்சியை ஸ்பூனில் எடுத்துச் செல்வியின் வாயருகில் கொண்டுபோனாள். செல்வி உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதே ஸ்பூனை நான் வாங்கி நீட்டினேன். ஆ என்று திறந்தாள். கீர்ஸ்டன் சிரித்தாள், ஆனால் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். யென்ஸ் வேலைக்குப் போய்விட்டதால் பஸ்ஸில் போனோம். தள்ளுவண்டியோடு குழந்தையை அப்படியே பஸ்ஸில் ஏற்றுகிறார்கள்! கடைசியாக ஏறிய என் முந்தானை கதவில் மாட்டிக்கொள்ள, பஸ் கிளம்பிவிட்டது. “ஐயோ, நிறுத்துய்யா!” என்று நான் தமிழில் கத்தினேன். டிரைவர் நிறுத்திவிட்டு எழுந்து வந்து, கதவைத் திறந்து, முந்தானையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். நம் பல்லவன் பஸ்ஸில் இதே நடந்திருந்தால், “இன்னாமா, பொடவைய ஊட்ல வெச்சுட்டு வர்றதுதானே!” என்றிருப்பார் கண்டக்டர்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மொழி சொல்ல ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். வசந்தி என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பெண். ஊரில் சண்டை என்று புருஷனோடு தப்பி வந்து அதே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் “அக்கா, சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்து இறங்கியதிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

டாக்டர் வயதானவர். செல்வியின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். நெற்றியை அமுக்கினார். பல்லை எண்ணினார். காலைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே படம் எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வைட்டமின் குறைவு, எலும்பு கெட்டியாகவில்லை என்று வசந்தி சொன்னாள்.

“டொக்டர் கேக்கிறார் அக்கா, பிள்ளையை வெயிலுக்குள்ள விடுறனீங்களோ எண்டு. வெயிலிலதான் இந்தச் சத்து கிடைக்குமாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “வெயிலா? தாம்பரத்துல வெயிலைத் தவிர வேற என்னம்மா இருக்கு? எங்க ஊரு வெயிலை மூட்டை கட்டி இவங்களுக்கே அனுப்பலாம்னு சொல்லு.”

வசந்தி சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி ஏதோ கேட்டார்.

“ஊரில வெயில் இருக்கோ எண்டு கேக்கேல்லையாம் அக்கா. பிள்ளையில பட்டதோ எண்டு கேக்கிறார்.”

பதில் எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு சட்டம் தெரியும். வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளை கறுக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் போட்டோ பார்த்துத்தான் கேட்கிறார்கள், சிவந்த பிள்ளை சீக்கிரம் போகும், கறுத்த பிள்ளை இல்லத்திலேயே தங்கிவிடும் என்று பேச்சு. மேடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். அதனால் செல்விக்கு முழுக்கைச் சட்டை. ஜன்னலுக்குத் திரை. கடலை மாவு போட்டுக் குளியல். வாசலுக்குத் தூக்கி வந்தால் தலையில் என் முந்தானை. வெயில் தாழ்ந்தபிறகுதான் தெரு காட்டுவோம். பிள்ளைக்கு நல்ல இடம் கிடைக்கவேண்டுமே என்ற ஆசையில் எல்லா வீடும் செய்தது அது. அவள் தலை எப்போதும் வியர்த்து நனைந்திருக்கும், சூட்டு உடம்பு என்றோம். நெற்றி முன்னால் புடைத்திருக்கும், அகன்ற நெற்றி, அதிர்ஷ்டக்காரி என்று திருஷ்டி சுற்றினோம். அந்த டாக்டரோ அந்த இரண்டையுமே நோயின் அடையாளமாக விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் வசந்தியிடம் சொன்னேன். அவள் கீர்ஸ்டனிடம் சொன்னாள். கீர்ஸ்டன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“என்ன சொல்றாம்மா?”

வசந்தி தயங்கினாள். “கறுப்பா இருந்தா என்னவாம், எண்டு கேக்கிறா.”

கீர்ஸ்டன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். அடுத்ததாக வந்த கைக்குழந்தையைத் தினமும் காலையில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, இளவெயிலில் போட்டுவைப்பேன். எதிர்வீட்டுக் காஞ்சனா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

“இன்னாக்கா, வெள்ளைக்காரன் வூட்டுக்குப் போற புள்ளய இப்டி வாட்டிக்கினு கீறே? கருவாடாப் பூடும்!”

“கறுத்தா கறுக்கட்டும் காஞ்சனா. காலு நிக்கணும்.”

“த்தோடா! ஏரோப்ளேன்ல போய்ட்டு வந்ததும் டாக்டரம்மா ஆயிட்டியா நீ!”

நான்கைந்து நாள் போயிருக்கும். காஞ்சனா தன் மகள் வயிற்றுப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். “சும்மா, துணி காயப் போடலாம்னு வந்தேன்” என்றாள். கையில் துணி எதுவும் இல்லை.

சரி, ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். டாக்டர் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். சொட்டு மருந்து. தினமும் காலையில் தவறாமல் கொடுக்கவேண்டும், மாதக்கணக்கில். கொடுத்தால் எலும்பு தானாகத் தேறும், நடப்பாள். விட்டுவிட்டால், பிள்ளை எழுந்து நிற்க ஆரம்பிக்கிற நாளிலிருந்து உடம்பின் பாரத்தில் கால் வளைந்துவிடும். இதை அவர் கையாலேயே வில் மாதிரி வளைத்துக் காட்டினார். அதற்கு மொழி சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை.

மருந்தில் மீன் வாடை அடித்தது. எனக்குக் கிருத்திகை விரதம் வேறு. முருகா, மருந்துக்குத் தோஷமில்லை என்று விரலைத் துடைத்துக்கொண்டேன். அது பெரிய விஷயமில்லை. கீர்ஸ்டன் கொடுத்தால் செல்வி துப்பினாள், அதுதான் விஷயம். நான் கொடுத்தால் விழுங்கினாள். எனக்கோ இன்னும் ஒரு வாரத்தில் விமானம். நான் போனபிறகு அந்தப் பாட்டில் அலமாரியில் அப்படியே இருந்து என்ன பயன்?

அந்த வாரத்தில் ஊரும் கொஞ்சம் பார்த்தேன். ஒருநாள் ரொட்டிக்கடைக்குப் போனபோது வாசலில் ஒரு தள்ளுவண்டி. உள்ளே கைக்குழந்தை, கன்னம் சிவந்து, குளிரில் தூங்குகிறது. பக்கத்தில் யாருமில்லை. எங்கள் ஊரில் வாசலில் பிள்ளையை விட்டுப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீர்ஸ்டன் உள்ளே போக, நான் அந்த வண்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றேன். யார் வந்து கேட்டாலும் விடுவதில்லை என்று வைராக்கியம். சற்றுப் பொறுத்து ஒரு பெண் கையில் கேக் பொட்டலத்தோடு வெளியே வந்தாள், என்னைப் பார்த்துத் திகைத்தாள். கீர்ஸ்டன் ஓடிவந்து ஏதோ சொன்னாள். பிறகு வசந்தி சொல்லித்தான் தெரிந்தது, அங்கே பிள்ளைகளை வெளியே காற்றில் தூங்க வைப்பது பழக்கமாம், திருட்டுப் பயமே இல்லையாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் எங்கிருந்து வந்தவள், என்ன வேலை செய்கிறவள் என்று தெரிந்ததும் என் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு, பொட்டலத்திலிருந்து ஒரு கேக்கை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். முட்டை போட்டது. வசந்தியின் புருஷனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு நாள் திடீரென்று வானம் திறந்துகொண்டு வெயில் வந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள். கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்தார். கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு சுவரோரமாக வரிசையாகச் சாய்ந்து, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் பேசவில்லை. கோயிலில் திரை விலகித் தீபாராதனை காட்டும்போது இருக்குமே ஓர் அமைதி, அதுதான். நான் என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன். நம் சூரிய பகவானுக்கு இங்கே இத்தனை பக்தர்களா! நாம் தினமும் குடைபிடித்து விரட்டுகிற சாமியை இவர்கள் தவமிருந்து பார்க்கிறார்கள்.

செல்வியின் தலையை மூடியிருந்த என் முந்தானையை நானே விலக்கினேன். காலுறையையும் கழற்றினேன். கீர்ஸ்டன் மடியில் உட்கார்ந்தபடி அவள் தன் கால் விரல்களையே முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கீர்ஸ்டனுக்கு நம் முறையைக் கற்றுக்கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பூனை நீட்டினால் எந்தப் பிள்ளை மருந்து குடிக்கும்? தரையில் உட்காரவேண்டும். காலை நீட்டவேண்டும். பிள்ளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே மல்லாக்கப் போட்டு, மெதுவாகக் காலை ஆட்டவேண்டும். மருந்தை வாயோரமாக விட்டதும் முகத்தில் ‘பூ’ என்று ஊதவேண்டும். ஊதினால் பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும், மருந்தை விழுங்கிவிடும். எங்கள் பக்கத்தில் பெண்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை இது. கீர்ஸ்டன் ஆறடி உடம்பைத் தரையில் மடக்கி உட்கார்ந்தாள். அவள் காலின் நீளத்துக்கு இரண்டு செல்விகளைப் படுக்க வைக்கலாம். யென்ஸ் அதைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்ய, அவரைப் பிடித்துக் கீழே தள்ளி அவர்மேல் ஊதிப் பழகினாள்.

ஆனாலும் செல்வி துப்பினாள். மறுநாளும் துப்பினாள். கீர்ஸ்டன் காலில் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைத் தேடுவாள், கண்டுபிடித்ததும் வாயை இறுக்கிக்கொள்வாள்.

வசந்தி என்னைப் பார்க்க வந்திருந்தபோது இதைக் கவனித்தாள். “குறை நினைக்காதேங்கோ அக்கா. நீங்கள் நிக்கிறபடியாத்தான் பிள்ளை குடிக்கேல்லை.”

“நான் என்னம்மா செய்றேன்? சும்மாதானே நிக்கறேன்?”

“ஓம். அதைத்தான் சொல்லுறன்.”

செல்வியின் கால்கள் நேராக நின்றதை மறுவருடம் மேடத்துக்கு வந்த போட்டோவில் பார்த்தேன். கடற்கரை மணலில், கறுகறுவென்று, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அந்தப் போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன். ஆனால் டென்மார்க் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நான் கிளம்பிய நாளின் காலைதான்.

அன்று மருந்து நேரத்துக்கு முன்னால் நான் அடுக்களையை ஒட்டிய துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யென்ஸும் என் கூட வந்துவிட்டார். அந்தச் சின்ன அறையில் இருவரும் மூச்சு விடாமல் நின்றோம். முருகா, அவள் என்னைக் கூப்பிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை நான் எந்தச் சந்நிதியிலும் வைத்ததில்லை.

செல்வி அழுதாள். “ம்மா! ம்மா!” என்று வீறிட்டாள். தேடுகிறாள். என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போய்விட்டது. யென்ஸ் என்னைத் தடுக்கவில்லை. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

அழுகை நின்று நின்று வந்தது. கீர்ஸ்டன் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்தில் ‘பூ’ என்று ஊதுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. துப்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்வியின் குரல் மறுபடி வந்தது. “ம்மா.” இந்தத் தடவை அழுகை இல்லை. பக்கத்தில் இருக்கிற ஆளிடம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பாளே, அந்தக் குரல். கீர்ஸ்டன் தன் மொழியில் ஒரு சொல் பதில் சொன்னாள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. வசந்தியிடம் கேட்கவும் இல்லை.

கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தேன். பக்கத்துக் கூடையில் துவைத்துக் காய்ந்த செல்வியின் சட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தேன்.